பவானி பாலத்துச் சுண்டல் கடையும் சிலேட்டுல எழுதுன 25 கிராமும்

கடைக்கு பேரு கிடையாதுங்க, போர்டும் கிடையாது. பவானில இருந்து குமாரபாளையம் போற பழைய பாலத்துக்கு இக்கட்டால, ரோட்டோரமா ஒரு தள்ளுவண்டி நிக்கும். நாலு குண்டா, ஒரு கேஸ் அடுப்பு, பக்கத்துல ஸ்டூலு மேல சாத்தி வெச்ச ஒரு சிலேட்டு, அவ்வளவுதான். நான் மொத நாள் நின்னது சுண்டலுக்காக இல்லீங்க, அந்த சிலேட்டுக்காக. 'புரோட்டீன் சுண்டல், 1 கப்புல 25 கிராம் புரோட்டீன், 30 ரூவா'ன்னு சாக்பீஸ்ல எழுதியிருந்துச்சு. அன்னைக்குன்னு பாத்து என் வண்டி டிக்கில 3,300 ரூவா குடுத்து வாங்குன புரோட்டீன் பவுடர் டப்பா கிடக்குது, அதுலயே ஒரு ஸ்கூப்புக்கு 24 கிராம்தான் போட்டிருந்தான். இதென்னடா கூத்து, 30 ரூவா சுண்டல் பவுடரையே தூக்கிச் சாப்பிடுதேன்னு வண்டிய ஓரங்கட்டுனனுங்க. அது ஆச்சு நாலு மாசம். இப்ப வாரத்துக்கு நாலு நாளாச்சும் பொழுதோட அங்கதான் நிக்கறேன், அதனால நாலு வார்த்தை எழுதலாம்னு.

மொதல்ல அந்த பவுடர் கதைய சொல்லிடறேன். எனக்கு 41 வயசுங்க, டெக்ஸ்டைல் கம்பெனில கணக்கு எழுதற வேலை, நாள் பூரா சேர்ல உக்காந்து வயிறு மட்டும் எனக்கு ரெண்டடி முன்னால போயிட்டு இருந்துச்சு, வீட்டுல சொல்லிச் சொல்லி கடைசில ஜிம்முல சேந்தேன். சேந்த மொத வாரமே அங்கிருந்த பையன் "ங்ணா, உங்க சாப்பாட்டுல புரோட்டீனே இல்லீங்ணா"ன்னு சொல்லி அவனே ஒரு டப்பாவையும் எடுத்து கைல குடுத்துட்டான். எந்த கம்பெனின்னு சொல்ல வேண்டாம். குடிச்ச அரை மணி நேரத்துல வயிறு கடமுடான்னு உருட்ட ஆரம்பிச்சுரும். எனக்கு சின்ன வயசுல இருந்தே பால் அவ்வளவா ஒத்துக்காதுங்க. அந்த டப்பால இருந்தது வே பவுடரு, அது பாலத் திரிச்சு சீஸ் எடுத்தப்பறம் நிக்கற தண்ணிய காய வெச்சு செய்யறது, விலை கம்மியான ரகத்துல பால்ல இருக்கற லாக்டோஸ் சர்க்கரை கொஞ்சம் தங்கிரும், அதுதான் அந்த உருட்டலு. பவுடர் மேல தப்பு சொல்ல முடியாது, வே நல்ல புரோட்டீன்தான், சீக்கிரம் சீரணமாகும். ஆனா என் வயித்துக்கும் அதுக்கும் ஜாதகம் பொருந்தல.

ஆனா 'புரோட்டீனே இல்லீங்ணா'ன்னு சொன்னது மட்டும் உறுத்திட்டே இருந்துச்சு, கணக்கு எழுதறவன்கிட்ட இல்லைன்னு சொன்னா இல்லையான்னு கூட்டிப் பாக்காம விடுவானா. ஐதராபாத்துல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல போட்ட கணக்குப்படி பெரியவங்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரோட்டீன். நான் 72 கிலோ, அப்ப 60 கிராம். சரி என்ன திங்கறேன்னு பாத்தா காலைல நாலு இட்லி சாம்பாரு, அதுல 10 கிராம் வந்தா பெருசு. மத்தியானம் ரெண்டு கரண்டி எச்சாவே சோறு, குழம்பு, ரசம், மோரு, எல்லாம் சேந்து 16. பொழுதோட டீயும் பஜ்ஜியும், ரவைக்கு மூணு தோசை. கூட்டுனா 38 கிட்டத்தான் நிக்குது. ஆக பையன் சொன்னது பாதி தப்பு பாதி சரி, இல்லாம இல்ல, ஆனா பத்தல. அதுலயும் பாதிக்கு மேல அரிசில இருந்தே வருது. பருப்புன்னு நாம சொல்றது என்னங்க, மலையாட்டம் சோத்தக் கொட்டி அதுக்கு மேல பொட்டு வெச்ச மாதிரி ஒரு ஸ்பூனு.

ஞாயித்துக்கெழம அரைக் கிலோ கறி எடுத்து எல்லாத்தையும் ஈடு கட்டிடறோம்னு ஒறம்பரை ஒருத்தரு சொன்னாரு. அதுவும் ஆகாதுங்க. கொழுப்ப சேத்து வெக்கறாப்ல புரோட்டீன சேத்து வெக்க உடம்புல குடோன் கிடையாது, அன்னைக்கு தேவைக்கு மேல போனது எரிசக்தியா செலவாகும், இல்ல கொழுப்பா மாறும், அதுல இருக்கற நைட்ரஜன் யூரியாவா ஒண்ணுக்குல போயிரும். திங்கக்கெழம காலைல மறுபடியும் முதல்ல இருந்துதான்.

சரி சுண்டலுக்கு வரேன். கொள்ளு, தட்டப்பயிறு, கொண்டக்கடலை மூணும் மாத்தி மாத்தி போடுவாங்க, கொள்ளு மட்டும் தினமும் இருக்கும். கொள்ளுச் சுண்டல் நெம்ப நல்லாருக்குதுங்க, பல்லுக்கு நறுக்குன்னும் இல்லாம கொழஞ்சும் போகாம ஒரு பதம், சின்ன வெங்காயம், வர மொளகா, கறிவேப்பல தாளிச்சு தேங்காத் துருவல், கடைசில எலுமிச்சம்பழம் பிழிவாங்க. ஆனா 25 கிராம்ங்கறது? ரெண்டாவது நாளு ஒரு கப்ப கட்டிட்டுப் போயி வீட்டுல சமையல் தராசுல வெச்சேன், 140 கிராம். காஞ்ச கொள்ளு 100 கிராமுக்கு 22 கிராம் புரோட்டீன், அது நெசம். ஆனா ஊறி வெந்தா தண்ணிய குடிச்சு எடை ரெண்டரை மடங்கு ஆயிருமில்லீங்களா, அப்ப வெந்த கொள்ளு 100 கிராமுல 8, 9தான் நிக்கும். ஒரு கப்புல 11, தாராளமா போட்டா 12. இத கடைக்கார அக்காகிட்ட சொன்னேன். அக்கா கரண்டிய அப்படியே புடிச்சுட்டு, "ஏந்தம்பி, 25ன்னு நெட்டுல போட்டிருக்கறதா எம்பையன்தானுங்க எழுதிட்டுப் போனான், பொய்யிங்களா அது?"ன்னாங்க. பொய்யில்லீங்க்கா, அது காஞ்ச கணக்கு, நீங்க விக்கறது வெந்த கணக்குன்னேன். பக்கத்துல நின்ன தறிக்கார அண்ணன் ஒருத்தரு சிரிச்சே போட்டாரு.

இத எதுக்கு இவ்வளவு தூரம் சொல்றேன்னா, இந்த தப்பு அக்கா மட்டும் பண்றதில்லீங்க. நெட்டுல பாதி பட்டியல் காஞ்ச பயிறையும் வெந்த முட்டையையும் ஒட்டுக்கா வெச்சு 'பாரு பயிறுல எத்தனை எச்சு'ன்னு காட்டுது. கடலக்கா 100 கிராமுக்கு 25 கிராம்னு போட்டிருப்பான், சரிதான், ஆனா அந்த நூறு கிராமுல கொழுப்பு மட்டும் கிட்டத்தட்ட பாதி, 560 கலோரிக்கு மேல போகும், கடலக்காய மட்டும் தின்னு 60 கிராம் புரோட்டீன் சேக்கறவன் வயிறு ரெண்டடி இல்ல, நாலடி முன்னால போகும். டப்பா லேபிலும் அப்படித்தான். புரோட்டீன நேரா எண்ணிப் பாக்கறதில்லீங்க, பொதுவா நைட்ரஜன அளந்து அத 6.25ஆல பெருக்குவாங்க, ஏன்னா புரோட்டீன்ல சுமாரா நூத்துக்கு 16 பங்கு நைட்ரஜன். 2008ல சீனாவுல இந்த ஓட்டையில பூந்துதான் தண்ணி கலந்த பாலுல நைட்ரஜன் எச்சா இருக்கற மெலமின்ங்கற கெமிக்கல போட்டானுங்க, டெஸ்டுல புரோட்டீன் எச்சா காட்டுச்சு, கொழந்தைங்களுக்கு கிட்னில கல்லு வந்து சில உசுரும் போச்சு. அதனால எந்த நம்பரப் பாத்தாலும் எதை எப்படி அளந்ததுன்னு கேக்கற புத்தி எனக்கு.

கொள்ளு ரசம் டம்ளர் 15 ரூவா. சளிக்கும் மழைக்கும் அருமை, மொளகு சீரகம் பூண்டு தட்டிப் போட்டு சும்மா மூக்குல ஏறும். "சத்தெல்லாம் ரசத்துல எறங்கிருமுங்க"ன்னு அக்கா சொல்லித்தான் குடுப்பாங்க. அது மட்டும் ஒத்துக்க முடியல, தண்ணில கரையறது கொஞ்சம் கரையும், புரோட்டீன்ல பெரும்பகுதி கொள்ளுலயேதான் நிக்கும். எனக்கு இதக் குடிக்கறப்ப எல்லாம் எங்கப்பாரு காலத்து வீடு ஞாபகம் வருமுங்க. பெரிய போசில கொள்ளு வேகும், தண்ணிய வடிச்சு ரசம் வெச்சு எங்களுக்கு ஊத்துவாங்க, வெந்த கொள்ளுல பாதிக்கு மேல காளைங்களுக்குப் போயிரும். வீட்டாளுங்களுக்கு ரசம், மாட்டுக்கு புரோட்டீன். காங்கேயம் காளை அப்படி திமிலோட நின்னதுக்கும் நாங்க அரணாக்கயிறு நிக்காம திரிஞ்சதுக்கும் காரணம் இப்பத்தான் புரியுது.

இந்தக் கடைல என்னக் கேட்டா வாங்க வேண்டியது கம்மஞ்சோறும் கொள்ளு கடைஞ்சதும். தட்டு 50 ரூவா. சிலேட்டுல இதப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, கேட்டாத்தான் குடுப்பாங்க, அது ஏன்னு தெரியல. கொள்ள வேக வெச்சு, வதக்குன சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரக்கொத்தமல்லி எல்லாம் சேத்து மத்து போட்டு கடையறது, மிக்சி இல்லீங்க, வண்டிக்குப் பின்னால ஒரு மண்சட்டி இருக்குது, அக்காவோட வீட்டுக்காரரு உக்காந்து கடைவாரு. அரைச்சதுக்கும் கடைஞ்சதுக்கும் நாக்குக்கு வித்தியாசம் தெரியுது, அங்கங்க முழுசா ஒரு கொள்ளு மாட்டும் பாருங்க, அதுதான் ருசி. சோத்துக்கு நடுவுல குழி பண்ணி கடைஞ்சத ஊத்தி ஒரு கரண்டி நல்லெண்ணெய். ஒரு தட்டுல 15 கிராம் வரும்னு என் கணக்கு.

வெறும் 15ஐ விட அந்த ஜோடிதான் விசேசமுங்க. புரோட்டீனுங்கறது 20 வகை அமினோ அமிலம் கோத்த சங்கிலி, அதுல 9 வகைய பெரியவங்க உடம்பால செஞ்சுக்க முடியாது, சாப்பாட்டுல இருந்துதான் வரணும். பவானிக்காரங்களுக்கு ஜமுக்காளத்த வெச்சு சொன்னா சட்டுனு புரியும். செகப்பு நூலு தீந்து போச்சுன்னா பச்சை நூலு பத்து கிலோ கிடந்தாலும் அந்தப் பட்டை அப்படியே நிக்கும். அரிசி, கம்பு, ராகி எல்லாத்துலயும் லைசின்ங்கற நூலு கம்மி. கொள்ளு, தொவரை, பச்சப்பயிறுல லைசின் தாராளம், ஆனா மெத்தியோனின்ங்கற நூலு கம்மி, அது தானியத்துல இருக்குது. ரெண்டும் சேந்தா பட்டை முடியும். நம்ம அரிசியும்பருப்புஞ் சோறு அதுதானுங்க, அமினோ அமிலம்னா என்னன்னு கேக்காமயே எங்காத்தா ஆழாக்கு கணக்குல போட்டு வெச்சிருந்துச்சு. ஒரே தட்டுல வந்தாகணும்னு கட்டாயம் இல்ல, ஒரே நாளுக்குள்ள ரெண்டும் வந்துட்டா போதும். கூட்டு சரியா இருந்தும் எங்கூட்ல பத்தாம போனது அளவுலதான், பருப்பு ஆழாக்குல இருந்து ஸ்பூனுக்கு எறங்கிருச்சு. இந்த அக்கா அதுல கஞ்சத்தனம் பண்றதில்ல, சோத்துக்கு சமமா கடைஞ்சது ஊத்தறாங்க, அதுக்குத்தான் நான் அம்பது ரூவா குடுக்கறேன்.

அவிச்ச முட்டை 10 ரூவா. நாமக்கல் பக்கத்துல இருக்கறப்ப நமக்கு முட்டைக்கு என்ன பஞ்சம். ஒண்ணுல 6 கிராம், அந்த 9 வகையும் அதுலயே இருக்குது, இதுல தேடிக் கண்டுபிடிக்க ஒண்ணுமில்ல. ஆனா ஜிம்மு முடிச்சுட்டு வர பசங்க நாலஞ்சு பேரு ஆளுக்கு ஆறு முட்டை வாங்கி வெள்ளைய மட்டும் தின்னுட்டு மஞ்சள எல்லாம் ஒரு பேப்பர்ல ஒதுக்கிருவாங்க. அந்தக் கடைக்குன்னே ஒரு நாய் இருக்குது, அது எப்படி மினுமினுன்னு இருக்குதுன்னு போய்ப் பாருங்க. முட்டைல இருக்கற புரோட்டீன்ல அஞ்சுல ரெண்டு பங்கு மஞ்சள்லதானுங்க இருக்குது, ஒரு பையன்கிட்ட சொன்னேன், "கொலஸ்ட்ரால் ங்ணா"ன்னான், இருவது வயசு. இன்னொருத்தன் பச்சை முட்டைய ஒடச்சு ஊத்திக் குடுக்கச் சொல்லி கேட்டான், அக்கா மாட்டேனுட்டாங்க, நாத்தம்னு. நாத்தத்த விடுங்க, பச்சையா குடிச்சா அதுல இருக்கற புரோட்டீன்ல சுமார் பாதிதான் உடம்புல சேரும், வேக வெச்சா நூத்துக்கு தொண்ணூறு.

மொளகட்டுன பச்சப்பயிறு பத்தி நெம்ப சொல்றதுக்கில்ல. கேரட், மாங்கா போட்டு நல்லாத்தான் இருக்குது. மொள விட்டா புரோட்டீன் ரெட்டிப்பாகும்னு அங்க நிக்கற எல்லாரும் சொல்றாங்க, ஆகாது, இருக்கறதுதான் இருக்கும், வைட்டமின் சி கூடும், சீரணம் லேசாகும், அவ்வளவுதான்.

அம்மா விசயம் ஒண்ணு இருக்குதுங்க. 66 வயசு, தை மாசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க, எலும்பு முறியல, தப்பிச்சோம். டாக்டரு தொடையப் புடிச்சுப் பாத்துட்டு சதையே இல்லியே, என்ன சாப்பிடறீங்கன்னாரு. ரசஞ்சோறு, காப்பி, வருக்கி. கைய ஊணாம சேர்ல இருந்து எந்திரிக்கச் சொன்னாரு, முடியல. வயசானா சாப்பாட்டக் கம்மி பண்ணிக்கணும்னு நம்ம ஊர்ல ஒரு நெனப்பு இருக்குது பாருங்க, புரோட்டீன் கணக்குல அது தலைகீழ், வயசாக ஆக சதை தானா கரையும், அதனால கிலோவுக்கு 1 கிராமோ அதுக்கு மேலயோ வேணும்னு சொல்லி அனுப்புனாரு, கூடவே தினமும் நடக்கவும் சேர்ல உக்காந்து எந்திரிக்கவும் சொன்னாரு. எங்கம்மா 58 கிலோ. பாதி கூட போகல.

நான் ஒரு நாள் கொள்ளு கடைஞ்சத போசில வாங்கிட்டுப் போயி வீட்டுல செஞ்சதாட்டம் வட்டல்ல போட்டு வெச்சேன். அம்மா ரெண்டு வாய் தின்னுட்டு, "உம்பட பொண்டாட்டிக்கு இந்தக் கைப்பக்குவம் இல்ல கண்ணு, எங்க வாங்குன?"ன்னாங்க. என் சம்சாரம் அடுப்படில இருந்து எட்டிப் பாத்த பார்வை இருக்குது பாருங்க. ரோட்டுக் கடைன்னு சொன்னதும் ஒரு ஆட்டம் ஆடுனாங்க, ரோட்டுல வாங்கித் திங்கற அளவுக்கா நாம கெட்டுப் போயிட்டோம்னு, ஆனா வட்டல் காலி. இப்ப வாரம் மூணு நாள் அந்த போசி போகுது, மத்த நாள் ரெண்டு முட்டை. போன வாரம் சேர்ல இருந்து கைய ஊணாம எந்திரிச்சாங்க. கொள்ளுதான் எந்திரிக்க வெச்சுதுன்னு சொல்ல மாட்டேன், நடையும் இருக்குது, அந்த உக்காந்து எந்திரிக்கற பயிற்சியும் இருக்குது.

இனி கொறைங்க. பார்சல நியூஸ் பேப்பர்ல மடிச்சுக் குடுக்கறாங்க, சுடச்சுட சுண்டல்ல மசி ஒட்டிட்டு வருது, பேப்பர்ல திங்கற பண்டம் கட்டக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்ப பாக்கற எஃப்எஸ்எஸ்ஏஐ பல தடவ சொல்லியாச்சு. நான் சொல்லிச் சொல்லி இப்ப உக்காந்து திங்கறவங்களுக்கு தொன்னை வந்துருச்சு, பார்சலுக்கு இன்னும் பேப்பர்தான், அதனால போசி கொண்டு போயிருங்க. உப்பு ஒரு கல்லு எச்சா விழுகுது, பிரசர் இருக்கறவங்க முன்னாடியே சொல்லிருங்க. கை கழுவற தண்ணி ஒரே குடம். வண்டி நிறுத்த எடம் கிடையாது, லாரி ஒரசிட்டுப் போகும். சித்திரை வைகாசில கொள்ளு சூடுன்னு ஆளுங்க வரமாட்டாங்களாம், அப்ப பச்சப்பயிறு எச்சாவும் கொள்ளு கொஞ்சூண்டும் போடுவேன்னு அக்கா சொன்னாங்க.

புதுசா போறவங்களுக்கு ஒண்ணு, மொத நாளே ரெண்டு கப்பு அடிச்சுறாதீங்க. எனக்கு மொத வாரம் பூரா வயித்துல ஜமாப்புதான், ராத்திரில ஜன்னலத் தொறந்து வெச்சுத் தூங்குனோம். பயிறுல இருக்கற சில சர்க்கரைங்கள நம்ம குடல் ஒடைக்காது, கீழ இருக்கற கிருமிங்க அதத் தின்னு வாயு விடும். அக்கா ராத்திரி ஊற வெச்ச தண்ணியக் கொட்டிட்டு புதுத் தண்ணிலதான் வேக வெக்கறாங்க, அதுல கொஞ்சம் கொறையும், மீதிய நாம பழகிக்கணும். கிட்னில ஏற்கெனவே கோளாறு இருக்கறவங்க மட்டும் என் பேச்சக் கேட்டு அங்க போயி நிக்காதீங்க, அவங்களுக்கு புரோட்டீன் அளவு டாக்டரு சொல்றதுதான். எங்க பெரியப்பாவுக்கு ரத்தத்துல கிரியேட்டினின் (கிட்னி வெளிய தள்ள வேண்டிய கழிவு) ஏறுனப்பறம் பருப்பு, கறி எல்லாம் கணக்குதான்.

காசு கணக்கு கேப்பீங்க. பவுடரு 3,300 ரூவா டப்பாவுல 30 ஸ்கூப்பு, ஒரு ஸ்கூப்பு 110 ரூவா, 24 கிராம். இங்க ஒரு கப்பு சுண்டலு, ரெண்டு முட்டை, 50 ரூவா, 23 கிராம், நாருச்சத்தும் வயிறு நெறஞ்ச மாதிரியும் சும்மா. டப்பா மிச்சம் பாதி அலமாரில இருக்குது, வேணும்ங்கறவங்க வந்து எடுத்துக்கங்க. கடைக்கு அஞ்சுக்கு நாலு, அந்த பேப்பருக்கும் உப்புக்கும் சேத்து ஒண்ணு புடிச்சுட்டேன். பொழுதோட 5 மணிக்குத் தொறப்பாங்க, ஷிப்ட் விட்டு தறிக்காரங்க வந்துட்டா 7 மணிக்கெல்லாம் கொள்ளு காலி, ஞாயித்துக்கெழம லீவு.

அப்பறம் அந்த சிலேட்டு. நான் சொன்ன மக்காநாளே அக்கா 25ஐ அழிச்சுட்டு 11ன்னு எழுதிட்டாங்க. ரெண்டு நாள்ல ஜிம்முப் பசங்க கூட்டம் கொறஞ்சு போச்சு, "பாருங்க தம்பி, உங்க கணக்கால வந்த வெனை"ன்னு என்னப் பாத்து ஒரே பொலம்பல். எனக்கும் ஒரு மாதிரி ஆயிருச்சு, மூணு நாள் அந்தப் பக்கமே போகல. நாலாவது நாள் போனா பசங்க கூட்டமா நிக்கறாங்க. சிலேட்டுல '2 கப்புல 22 கிராம், 60 ரூவா'ன்னு எழுதியிருந்துச்சு. கூட்டிப் பாத்தேன், தப்பு சொல்ல முடியல.